பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில்

புக்கிட் ரோத்தான்,
5.1.2025

அன்பு அண்ணிக்கு,

தனேஸ்வரி எழுதுவது. நானும் உங்கள் தம்பியும் சுகம். மகள் நித்தியா ஈப்போவில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். உங்கள் உடம்பு எப்படி, அண்ணனுக்கு இடது கை கொஞ்சமாவது அசைகிறதா என்று எழுதுங்கள். போனில் பேசினால் உங்களுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. வாட்ஸ்அப்பில் போட்டால் உங்கள் பேத்தி அதை வீடு முழுக்கக் கேட்கும்படி வாசித்துவிடுகிறாள். போன தடவை என் வயிற்றுக்கோளாறு பத்தாங் காலி முழுவதும் தெரிந்துபோனது. அதனால்தான் பழையபடி காகிதமும் தபால்தலையும்.

ஒரு விஷயம், அண்ணி. எனக்குப் புரியவில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் தம்பி ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்ளப் போகிறாராம். முதுகில் காற்று டேங்கைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் நீந்துவார்களே, அது. லங்காவியிலிருந்து படகில் போகிற ஒரு தாய்லாந்துத் தீவு, லிப்பே என்று பெயர். பள்ளி விடுமுறையில் ஆறு நாள். என் பெயரையும் சேர்த்துப் பதிந்துவிட்டார். என்னைக் கேட்கவே இல்லை.

நாற்பத்தாறு வயதில் இந்த மனிதருக்கு என்ன வந்தது? கல்யாணமாகி இருபத்தொரு வருஷத்தில் கேமரன் மலைக்குப் போனதே ஒரு தடவைதான். ஜெராமுக்கு மீன் வாங்கப் போனால் வண்டியைவிட்டு இறங்கிக் கடலைப் பார்க்க மாட்டார். பள்ளி பஸ், வீடு, கோயில், அவ்வளவுதான் அவர் உலகம். அதிலும் இரண்டு வருஷமாக, மாலைப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிற வேலையை இன்னொரு பஸ்காரர் லிங்கேஸ்வரனிடம் கொடுத்துவிட்டு, அலுப்பாக இருக்கிறது என்று பொழுது சாய்வதற்குள் வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார். அப்படி அலுத்துப்போனவர் எதற்குக் கடலுக்கு அடியில் போக வேண்டும்?

கேட்டேன். "பார்க்கணும்லா," என்றார். என்னத்தைப் பார்க்கணும் என்றேன். "எல்லாத்தையும்தான்," என்று சொல்லிவிட்டு பஸ்ஸைக் கழுவப் போய்விட்டார்.

செம்பனை எண்ணெய் ஆலை எடைமேடையில் என்னோடு வேலை செய்கிற சேது சிரிக்கிறான். "ஆம்பளைங்களுக்கு இந்த வயசுல ஏதாச்சும் ஒரு கிறுக்கு வரும்க்கா. பெரிய மோட்டார் வாங்காம விட்டாரே," என்கிறான். அவரை வளர்த்த அக்கா நீங்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார். சொல்லி நிறுத்தக் கூடாதா?

அண்ணனை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தனேஸ்வரி


பத்தாங் காலி,
13.1.2025

அன்புள்ள தனேசு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருக்கிறோம். அவருக்குக் கை அசையவில்லை. விரல் மட்டும் நடுங்குகிறது, அது நல்ல அறிகுறி என்று பயிற்சி கொடுக்க வருகிற பிள்ளை சொல்கிறது. நாளைக்குப் பொங்கல். பால் பொங்குகிற நேரம் அவரைச் சக்கர நாற்காலியோடு வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வர வேண்டும்.

சீலன் விஷயம். அவனை நிறுத்தாதே. போய்விட்டு வாருங்கள். கேட்டால் பதில் சொல்கிறவன் இல்லை அவன், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். பார்க்க ஆசைப்படுகிறான், பார்க்கட்டும். நீயும் கூடப் போகிறாய், எனக்கு அது போதும்.

தெரியாத ஊர். சாயங்காலமானால் அவனைத் தனியாக நடக்கவிடாதே. கையைப் பிடித்துக்கொள். அவன் வெட்கப்படுவான், நீ விடாதே.

வேறு ஒன்றும் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உன் அண்ணி,
புனிதவதி


லிப்பே தீவு,
29.1.2025

அன்பு அண்ணிக்கு,

இரண்டு பேரும் நலம். அண்ணனுக்கும் உங்களுக்கும் நலம் கோருகிறேன். தங்கியிருக்கிற இடத்தில் தாள் கேட்டேன், இந்தப் பூப்போட்ட தாளைக் கொடுத்தார்கள்.

உங்கள் பேச்சைக் கேட்டு வந்ததற்கு உங்களைத் திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியவில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி. நம் கோலச் சிலாங்கூர் ஆற்றில் சொந்தக் கால்கூடத் தெரியாது. இங்கே கழுத்தளவு தண்ணீரில் நின்றால் கால் நகத்துக்குப் போட்ட சாயம் தெரிகிறது.

எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற பெண்ணின் பெயர் நோய். சிரிக்காதீர்கள், அவர்கள் பாஷையில் சின்னவள் என்று அர்த்தமாம். நித்தியாவைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். முதல் நாள் முழுக்க ஆழமில்லாத இடத்தில் முட்டி போட்டு உட்கார வைத்துவிட்டாள். கண்ணையும் மூக்கையும் மூடுகிற கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் எப்படி ஊதித் தள்ளுவது, வாயில் கடித்திருக்கிற காற்றுக் குழாய் நழுவினால் எப்படிக் கையை வீசித் தேடி எடுப்பது, எல்லாம் செய்து காட்டினாள். உள்ளே பேச முடியாதே, அதனால் கைதான் வாய். பெருவிரலை உயர்த்தினால் நல்லது என்று அர்த்தம் இல்லை, மேலே போகலாம் என்று அர்த்தம். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வட்டம் போட்டால் 'சரி, நன்றாக இருக்கிறேன்.' கையைக் கழுத்துக்கு நேராக வைத்து அறுப்பதுபோல் காட்டினால் 'எனக்குக் காற்று இல்லை.' ஆளுக்கு ஒரு ஜோடி. ஒருவர் மூச்சுக்கு மற்றவர் பொறுப்பு. என் ஜோடி உங்கள் தம்பி.

அவர்தான் எனக்குப் புதிராக இருக்கிறார். அவ்வளவு ஆசையாக வந்தவர், உள்ளே போனால் எதிலாவது இடித்துக்கொண்டே இருக்கிறார். பக்கத்தில் நீந்துகிறவர்களை உதைத்துவிடுகிறார். நோய் தன் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, "சுற்றிப் பார், சுற்றிப் பார்" என்று காட்டுகிறாள். அவர் சுற்றிப் பார்ப்பதே இல்லை. ஒரே பவளத்தின் முன்னால் நின்று, விரல் நீள மீன் ஒன்றை, அவள் வந்து இழுக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார். மேலே வந்ததும் அதன் உடம்பில் எத்தனை கோடு என்றுகூடச் சொல்கிறார்.

இன்னொன்று, எழுத வெட்கமாக இருக்கிறது. சாப்பாட்டுக் கடையிலிருந்து திரும்பும்போது என் தோளில் கை போட்டுக்கொண்டு நடக்கிறார். இருபத்தொரு வருஷத்தில் கோயில் கூட்டத்தில்கூட என் கையைப் பிடித்தவர் இல்லை. நானும் அப்படியே நடந்தேன்.

அண்ணனுக்கு இங்கே ஒரு தைலம் வாங்கியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தனேஸ்வரி


புக்கிட் ரோத்தான்,
6.2.2025

அன்பு அண்ணிக்கு,

ஊர் வந்து நாலு நாள் ஆகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, காது மட்டும் அடைத்த மாதிரி இருக்கிறது. அண்ணனின் விரல் எப்படி இருக்கிறது?

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாளாக யோசித்தேன். அவர் உங்கள் தம்பி. ஆனால் கேட்பதற்கு எனக்கு வேறு ஆள் இல்லை.

கடைசிக்கு முந்தின நாள். பன்னிரண்டு மீட்டர் ஆழம். அங்கே ஒரு பெரிய பாறை, கூரை மாதிரி முன்னால் நீண்டிருக்கும். அதன் நிழலுக்குள் நோய் முதலில் போனாள், நடுவில் அவர், பின்னால் நான். அவர் எதையோ பார்க்கச் சட்டென்று திரும்பினார். அவர் காலில் மாட்டியிருந்த துடுப்பு என் வாயில் அடித்தது. காற்றுக் குழாய் பிடுங்கிக்கொண்டு எங்கேயோ போய்விட்டது.

கையை வீசித் தேட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எல்லாம் மறந்துபோனது. வாய்க்குள் உப்புத் தண்ணீர். அவர் ஒரு கை தூரத்தில் இருந்தார், அண்ணி. முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. நான் கழுத்தில் கையை வைத்து அறுத்துக் காட்டினேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு விரலை வட்டமாக்கிச் 'சரி' என்று காட்டினார். காட்டிவிட்டுத் திரும்பி முன்னால் போய்விட்டார்.

நோய்தான் வந்தாள். எங்கிருந்து வந்தாள் என்று தெரியாது. அவளிடம் கூடுதலாக இருந்த குழாயை என் வாயில் திணித்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு, நான் மூச்சுவிடும்வரை என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சேர்ந்து பத்து, பதினைந்து விநாடிதான் இருக்கும்.

படகில் ஏறியும் இருமிக்கொண்டே இருந்தேன். அவர் துண்டை எடுத்துக் கொடுத்து, "தண்ணி குடிச்சிட்டியா?" என்று சாதாரணமாகக் கேட்டார். அவரிடம் சொல்லவா என்று நோய் கண்ணால் கேட்டாள். வேண்டாம் என்றேன். அவரே சொல்லட்டும் என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. சாப்பிடும்போது எனக்கு முள் எடுத்து மீன் வைக்கிறார். பழையபடி பேசுகிறார்.

அவர் என்னைப் பார்த்தாரா இல்லையா? பார்த்திருந்தால் எப்படிப் போக முடிந்தது? பார்க்கவில்லையென்றால் யாருக்கு விரலைக் காட்டினார்? எடைமேடையில் லோரி நிற்கும்போதுகூட இதுதான் மண்டைக்குள் ஓடுகிறது. நேற்று ஒரு சீட்டில் எடையை மாற்றி எழுதிவிட்டேன்.

சின்ன வயதில் அவர் எப்படி, அண்ணி? பயம் வந்தால் மற்றவரை விட்டுவிட்டு ஓடுகிற ஆளா? உண்மையைச் சொல்லுங்கள். அவரிடம் கேட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தனேஸ்வரி


பத்தாங் காலி,
19.2.2025

அன்புள்ள தனேசு,

கடிதம் கிடைத்தது. தைப்பூசத்துக்குப் பத்துமலை போக முடியவில்லை, வீட்டிலேயே விளக்கேற்றினேன். அவர் நேற்று ஒரு கரண்டியைப் பிடித்தார். மூன்று வினாடி பிடித்திருந்து விட்டுவிட்டார். அந்தக் கரண்டியைக் கழுவாமல் எடுத்து வைத்திருக்கிறேன். நீ அனுப்பிய தைலம் நல்ல சூடு.

நீ பயந்துபோயிருக்கிறாய். தண்ணீருக்குள் யாருக்கு என்ன தெரியும். அவன் அப்படி விட்டுவிட்டுப் போகிறவன் இல்லை. அதை மட்டும் நான் எந்தக் கோயிலிலும் சொல்வேன். இதை மனசில் வைத்து அரைத்துக்கொண்டிருக்காதே.

அந்தப் பாறைக்குக் கீழே வெளிச்சம் இருந்ததா?

காதுக்கு ஆஸ்பத்திரியில் காட்டு. எண்ணெய் ஊற்றாதே.

உன் அண்ணி,
புனிதவதி


புக்கிட் ரோத்தான்,
9.3.2025

அன்பு அண்ணிக்கு,

நலம். காது திறந்துவிட்டது. அண்ணன் கரண்டி பிடித்ததை அவரிடம் சொன்னேன், சந்தோஷப்பட்டார். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

போன வாரம் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அன்னைக்கு ஏன் என்னை விட்டுட்டுப் போனீங்க?" என்றேன்.

"என்னைக்கு?"

"பாறைக்குக் கீழே. எனக்குக் காத்து இல்லன்னு காட்டினேனே. நீங்க சரின்னு காட்டிட்டுப் போயிட்டீங்களே."

முகம் வெளுத்துப்போனது. கையில் இருந்த தேத்தண்ணிக் குவளையை மேசையில் வைத்தார். மேசையின் விளிம்பில் வைத்தார், அது கீழே விழுந்தது. துடைக்கக்கூட இல்லை, எழுந்து பஸ்ஸில் போய் உட்கார்ந்துகொண்டார். இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அது குற்றவாளியின் முகமா, அடிபட்டவனின் முகமா? இருபத்தொரு வருஷம் பார்த்த முகம், எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

பள்ளி திறந்து மூன்று வாரம் ஆகிறது. செவ்வாய்க்கிழமை பள்ளி வாசலில் நிறுத்தியிருந்த ஒரு புரோட்டோன் காரை பஸ்ஸால் உரசிவிட்டார். பட்டப்பகலில். இருபது வருஷத்தில் முதல் கீறல். பஸ்ஸில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற தாயம்மாவைச் சந்தையில் பார்த்தேன். அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "போன வாரம் ஒரு பிள்ளை கதவுப் பக்கமா ஓடி வருது. இவரு பார்க்காம வண்டிய எடுத்துட்டாரு. நான் கத்துனதாலதான் நின்னுச்சு. வீட்ல ஏதாச்சும் கவலையா, தனேசு?"

என்னோடு பேசாமல் இருப்பதால் அவர் மனம் பஸ்ஸில் இல்லையா? அப்படியென்றால் தப்பு என்னுடையதா? அப்படித்தான் நேற்றுவரை நினைத்தேன். இன்று உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். பாறைக்குக் கீழே வெளிச்சம் இருந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கேட்ட எதற்கும் பதில் எழுதாமல் அதை மட்டும் ஏன் கேட்டீர்கள்?

வெளிச்சம் இல்லை, அண்ணி. எனக்கு அவரைத் தெரிகிற அளவு இருந்தது. அவ்வளவுதான்.

அவருக்குக் கண்ணில் ஏதாவது இருக்கிறதா? உடனே எழுதுங்கள்.

இப்படிக்கு,
தனேஸ்வரி


புக்கிட் ரோத்தான்,
20.4.2025

அண்ணிக்கு,

ஆறு வாரம் ஆகிறது. நீங்கள் எழுதவில்லை. அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்து பேத்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன். தாத்தா நன்றாக இருக்கிறார், பாட்டி உங்கள் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறார் என்றாள்.

நானே கண்டுபிடித்துக்கொண்டேன்.

நேற்று மத்தியானம் சாமான் அறையிலிருந்து அரிசி எடுத்து வரச் சொன்னேன். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, உங்களுக்குத் தெரியும். விளக்கை அணைத்துவிட்டு நான் முன்னாலேயே உள்ளே போய், அரிசி டின்னுக்குப் பக்கத்தில் நின்றேன். கழுத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் வந்தார். என் முகத்துக்கு நேரே முகம். குனிந்து தடவி டின்னை எடுத்தார். நிமிரும்போது முழங்கை என்மேல் பட்டது. திடுக்கிட்டு டின்னைப் போட்டுவிட்டார், அரிசி தரையெல்லாம் கொட்டியது.

"நான் நிக்கிறது தெரியலையா?"

அவர் அரிசியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "தெரியல, தனேசு. வெளிச்சம் இல்லாட்டி ஒண்ணுமே தெரியாது. வெளிச்சம் இருந்தாலும் நடுவுல மட்டும்தான். ஒரு குழாய் வழியா பார்க்கிற மாதிரி."

"எவ்வளவு நாளா?"

"டாக்டர்கிட்ட போயி மூணு வருஷம் ஆச்சு."

"யாரு கூடப் போனீங்க?"

கொட்டிய அரிசியை டின்னுக்குள் அள்ளிப் போட்டார். "அக்கா கூட," என்றார்.

அவர் என்னைப் பார்த்துவிட்டு விட்டுப் போகவில்லை என்று தெரிந்த நிமிஷம் எனக்கு அழுகை வந்தது, நிம்மதியில். அது ஒரு நிமிஷம்தான். அடுத்த நிமிஷம் பஸ் ஞாபகம் வந்தது. முப்பத்துநாலு பிள்ளைகள், அண்ணி. மூன்று வருஷம். காலையில் நான் அவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளின் பெயர் எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும், தீபாவளிக்கு முறுக்கு அனுப்புவீர்களே.

நாளைக் காலை அவர்கள் சாலையோரத்தில் நிற்பார்கள். பஸ் சாவி என் கைப்பையில் இருக்கிறது. லிங்கேஸ்வரன் வந்து எடுத்துப் போவார்.

அவர்மேல் கோபப்படலாமென்றால், அவர் கண் போய்க்கொண்டிருக்கிற மனிதர். உங்கள்மேல் கோபப்படலாமென்றால், என்னிடம் சொல்ல உங்களுக்கு ஆயிரம் காரணம் இருந்திருக்கும், சொல்லாமல் இருக்கவும் ஆயிரம் காரணம் இருந்திருக்கும். எதையும் கேட்கிற நிலையில் நான் இல்லை.

தனேஸ்வரி


பத்தாங் காலி,
28.4.2025

அன்புள்ள தனேசு,

நீ படிப்பாயோ கிழிப்பாயோ, நான் எழுதிவிடுகிறேன்.

எங்கள் அப்பா குடிகாரன் என்று நீ கேள்விப்பட்டிருப்பாய். கல்யாணத்தின்போது உன் வீட்டாரும் அதைத்தான் விசாரித்தார்கள். எங்கள் அப்பா குடித்ததே இல்லை. அவருக்கு மாலைக்கண். ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்கு விடியுமுன் போக வேண்டும். நெற்றியில் விளக்கு கட்டியும் மரத்தில் மோதுவார், வாளியைத் தட்டிவிடுவார். வேலை வாங்குகிற மண்டோர் அவரைக் குடிகாரன் என்று சொல்லிப் புல்வெட்டுக்கு மாற்றிவிட்டார். லயத்து வீடுகளில் எல்லாரும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்கள். அப்பா மறுக்கவில்லை. கண் தெரியாதவன் என்றால் வேலையே போய்விடும், வேலை போனால் வீடும் போய்விடும். குடிகாரனுக்கு வேலை இருந்தது.

சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது நான் எதிரே போய் அவருக்கு முன்னால் நடப்பேன். என் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை மட்டும் அவருக்கு மங்கலாகத் தெரியும். அதைப் பார்த்தே வீடு வந்து சேருவார். ஒரு நாள் நான் போகவில்லை. கோயில் திடலில் படம் போட்டார்கள், இடம் பிடிக்கப் போய்விட்டேன். மறுநாள் காலையில் அவரை வாய்க்காலிலிருந்து தூக்கி வந்தார்கள். எனக்கு வயசு பதினைந்து, சீலனுக்கு ஐந்து. குடித்துவிட்டு விழுந்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், நீ ஏன் போகவில்லை என்று யாராவது கேட்பார்கள் என்று பயம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சீலன் வந்து, படியில் இறங்க முடியவில்லை அக்கா என்றான். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. டாக்டர், குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். அப்பாவுக்கு என்று சொன்னேன். சீலன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அப்பா குடிகாரர் என்று நம்பித்தான் அவன் நாற்பத்து மூன்று வருஷம் ஒரு சொட்டுத் தொடாமல் இருந்தான்.

உன்னிடம் சொல்லிவிடு என்று அவனிடம் சொன்னேன். நித்தியா படித்து முடிக்கட்டும், அதுவரை சும்மா இரு என்று என் காலைப் பிடித்தான். பகலில் நடுவில் நன்றாகத் தெரிகிறது, மெதுவாகத்தான் ஓட்டுவேன் என்றான். நான் சரி என்றேன். அப்பாவை வேலையிலிருந்து மாற்றிய மாதிரி இவனையும் யாரும் மாற்றக் கூடாது என்று அதை மட்டுமே நினைத்தேன். பிள்ளைகளை நினைக்கவில்லை. நினைத்தால் தூக்கம் வராது என்று நினைக்காமல் இருந்தேன் என்பதுதான் உண்மை.

கடலைப் பார்க்க வேண்டும் என்று அவன் சொன்னபோது நான்தான் போ என்றேன். இன்னும் எத்தனை வருஷம் என்று டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லை. உனக்கு அங்கே ஆபத்து வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, தனேசு.

நித்தியாவுக்குக் கண்ணைக் காட்டு. இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். கை வரவில்லை.

புனிதவதி


பத்தாங் காலி,
8.6.2025

அன்புள்ள தனேசு,

நலமா? நாங்கள் நலம். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நான் மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை, அது உன் இஷ்டம். நித்தியாவைக் காட்டினாயா என்று மட்டும் ஒரு வரி எழுது. காலி அட்டையில் ஆம், இல்லை என்று எழுதினாலும் போதும்.

புனிதவதி


புக்கிட் ரோத்தான்,
29.6.2025

அன்பு அக்காவுக்கு,

சீலன் எழுதுகிறேன். எழுத்து பெரிதாக இருக்கிறது, மார்க்கர் பேனாவில் எழுதினால்தான் எனக்குக் கோடு பிடிபடுகிறது. மாமா எப்படி இருக்கிறார்? நான் சுகம். தனேசு வேலைக்குப் போயிருக்கிறாள். உனக்கு எழுது என்று நான் சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை.

பஸ்ஸை லிங்கேஸ்வரன் எடுத்துக்கொண்டார். பள்ளியில் தலைமையாசிரியரிடம் சொன்னேன். பிறகு ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும் என்றாள் தனேசு. எனக்கு உடன்பாடு இல்லை, ஆனாலும் போனேன். எட்டு நாள் ஆனது. சிலர் உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்கள். ஒரு தகப்பன் என் சட்டையைப் பிடித்துவிட்டார். தனேசு விலக்கவில்லை, பக்கத்தில் நின்றாள். அவராகவே கையை எடுத்தார்.

அந்தப் பாறைக்குக் கீழே நடந்ததை நீயும் தெரிந்துகொள். நிழலுக்குள் நுழைந்ததும் எனக்கு எல்லாம் கறுப்பாகிவிட்டது. யாரோ பக்கத்தில் இருப்பது மட்டும் தண்ணீர் அசைவில் தெரிந்தது. அந்தத் தாய்லாந்துப் பெண்தான், நன்றாக இருக்கிறாயா என்று கேட்கிறாள் போல என்று நினைத்து விரலைக் காட்டினேன். பயந்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரியக் கூடாது என்றுதான் காட்டினேன். மார்ச் மாதம் தனேசு கேட்கும்வரை எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்டதும் புரிந்துபோனது. அப்போதும் சொல்ல வாய் வரவில்லை.

அவள் உன்மேல் கோபமாக இருக்கிறாளா என்று கேட்டால் தெரியவில்லை. உன் கடிதத்தை நாலு தடவை படித்தாள். எனக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினாள். அப்பா பகுதி வந்ததும் நிறுத்திவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

உன் தம்பி,
சத்தியசீலன்


புக்கிட் ரோத்தான்,
13.8.2025

அன்பு அண்ணிக்கு,

இங்கே நாங்கள் நலம். உங்கள் உடம்பையும் அண்ணனையும் கேட்டு நாலு மாதம் ஆகிறது. இப்போது கேட்கிறேன்.

நித்தியாவைக் காட்டினோம். விழித்திரையைப் படம் எடுத்துப் பார்த்து, இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. "வந்தா வரட்டும்மா, எங்கிட்ட மறைக்காம இருந்தா போதும்," என்றாள். உங்களுக்கு ஜூனிலேயே இதை எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் வைத்திருந்தேன். வேண்டுமென்றேதான்.

இந்தக் கடிதம் வேறு விஷயத்துக்காக.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஆடித் திருவிழா. லயம் எல்லாம் இடித்தாகிவிட்டது, கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் நிற்கிறது. பழைய ஆட்கள் கிள்ளான், தஞ்சோங் காராங் என்று எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். அன்னதானப் பந்தலில் போட்டிருந்த நாற்காலிக் காலில் தடுக்கி இவர் விழப் பார்த்தார். பின் வரிசையிலிருந்து யாரோ ஒரு பெரியவர், "அப்பன் மாதிரியே புள்ளையும். காலையிலேயே ஏத்திட்டு வந்துட்டான்," என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, நாலு பேர் சிரித்தார்கள்.

நான் இவர் கையைப் பிடித்து இழுத்தேன், போய்விடலாம் என்று. இவர் வரவில்லை. குரல் வந்த பக்கம் திரும்பி நின்றார். ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை, பொதுவாகப் பேசினார்.

"நான் குடிக்கிறதில்லீங்க. எங்கப்பாவும் குடிச்சதில்ல. அவருக்கு மாலைக்கண். எனக்கும் அதேதான், பஸ் ஓட்டுறதை விட்டுட்டேன். அவரு போதையில வாய்க்கால்ல விழல. கண்ணு தெரியாம விழுந்தாரு."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். சொன்ன பெரியவர் எழுந்து வெளியே போனார். யாரோ, "உட்காருங்க தம்பி, சாப்பிடுங்க," என்றார்கள். உட்கார்ந்தோம். எனக்கு இலையில் என்ன இருந்தது என்றே தெரியவில்லை.

சாப்பிட்டு முடிக்கிற நேரம் கார்த்திகேசு என்பவர் தடி ஊன்றி வந்து இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எண்பத்திரண்டு வயதாம், அந்தக் காலத்தில் தோட்டத்து லோரியில் பால் ஏற்றியவராம். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தடியை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "அன்னைக்கு உங்கப்பனைத் தூக்குனது நானு. மூஞ்சியத் தொடச்சுவிட்டேன். சாராய வாசனையே இல்ல. தண்ணியில கெடந்ததால போயிருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

இவர் தலையை ஆட்டினார்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உங்கக்கா அங்கதான் நின்னுச்சு. ரெண்டு தரம் வாயத் தொறந்துச்சு. நான்தான், போ புள்ள, வீட்டுக்குப் போன்னு வெரட்டிவிட்டேன்."

நீங்கள் வாயைத் திறக்கவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள், அண்ணி. அவர் இரண்டு தரம் என்கிறார். எது உண்மை என்று எனக்குத் தெரியவில்லை. நாற்பத்தொரு வருஷம் ஆகிறது, உங்களுக்கே இப்போது தெரியுமோ என்னவோ.

உங்கள்மேல் கோபம் போய்விட்டதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். முப்பத்துநாலு பிள்ளைகளை நினைத்தால் இருக்கிறது. வாய்க்கால் ஓரத்தில் நின்ற பெண்ணை நினைத்தால் இல்லை. இரண்டும் ஒரே ஆள்தான். அதை என்ன செய்வது என்று எனக்குப் புரியவில்லை.

சனிக்கிழமை அங்கே வருகிறோம். கார்த்திகேசு ஐயாவும் வருகிறேன் என்றார், அன்றைக்குக் கேட்காமல் விட்டதைக் கேட்க உங்களை நேரில் பார்க்க வேண்டுமாம். அவருக்குக் கெட்டியான சோறு ஆகாது, கஞ்சி போதும். சமையலை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். அவர் கேட்கிறதற்குப் பதில் சொல்ல நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

இப்படிக்கு,
தனேசு